தண்ணீர் டாங்கைப் பார்த்துத் திருப்பிய ஆண்டெனா

ஆலன் நகரை ஒட்டிய எங்கள் டெக்ஸாஸ் புறநகரில் மாதத்தில் ஒரு புதன்கிழமை நண்பகலில் ஊர் முழுக்கச் சைரன் அலறும். டொர்னாடோ எனப்படும் சுழற்காற்று வந்தால் எச்சரிப்பதற்காக வைத்த சைரன். ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்கிறார்கள். குடிவந்த புதிதில் மளிகைக் கடை வரிசையில் பால் கேனோடு நின்றபோதுதான் முதல்முறை கேட்டேன். நான் கேனைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்து ஓடத் தயாரானேன். பில் போடுகிற பெண்ணோ தலையைக்கூட நிமிர்த்தாமல் காகிதப் பையா பிளாஸ்டிக் பையா என்று கேட்டாள். எங்கள் காயல்பட்டினத்தில் சைரன் ஊதினால் நோன்பு திறக்கலாம் என்று அர்த்தம். கை தானாகப் பேரீச்சம்பழத்துக்குப் போகும். இங்கே ஊதினால் ஓடி ஒளிய வேண்டும், புதன்கிழமையாக இருந்தால் ஒளிய வேண்டாம். இது பிடிபடவே எனக்குச் சில மாதங்கள் ஆயின.

புதன்கிழமை அல்லாத ஒரு நாளில் அது ஊதியது. நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்து நான்கைந்து வருடங்கள் ஆகியிருந்தன. கைபேசியில் இணையம் பார்ப்பதெல்லாம் இன்னும் வராத காலம். நானும் மனைவி நஸீமாவும் ஆறு வயது மகள் ஹனாவும் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற, ஜன்னல் இல்லாத க்ளாசெட் என்கிற துணி அறைக்குள் குளிர்கால அங்கிகளுக்கு நடுவில் ஒடுங்கிக்கொண்டோம். மழை வலுத்ததும் டிஷ் டிவி படம் உறைந்தது. பிறகு மின்சாரம் போனது. பேட்டரி ரேடியோவில் ஒருவர் மாவட்டத்தின் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மாவட்டம் எவ்வளவு பெரியது! காற்று எங்கள் தெருவுக்கு வருகிறதா, இருபது மைல் தள்ளிப் போகிறதா என்று தெரியாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பது என்னவோ செய்தது. அது வடக்கே போய்விட்டது என்று மறுநாள் அலுவலகத்தில்தான் தெரிந்தது. பக்கத்து இருக்கைக்காரர் ஸ்கேனர் ரேடியோவில் தீயணைப்புக்காரர்களும் போலீஸும் பேசிக்கொண்டதைக் கேட்டபடியே இருந்தாராம். எந்த முனையில் மரம் விழுந்தது என்பதுவரை சொன்னார். சொல்லும்போது பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்கேனர் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது நஸீமா தோசைக்கல்லைவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"போலீஸ் பேசறத ஒட்டுக் கேக்குற ரேடியோவா?"

"ஒட்டுக் கேக்கறது இல்ல. லீகல்தான். கடையிலயே விக்கிறாங்க."

"யாருக்கு லீகல்? நம்ம பேருக்கா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணி, எல்லாம் முடிந்து, பெயர்ச் சரிபார்ப்பு என்ற ஒன்றில் மட்டும் எங்கள் கோப்பு மாட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் அப்ளை பண்ணிய சுப்ரமணியன்களும் செந்தில்குமார்களும் கார்டு வாங்கி, வீட்டுக்கு விருந்துக்கும் அழைத்துவிட்டார்கள். நஸீமா அந்த நாட்களில் மஞ்சள் விளக்கைத் தூரத்தில் பார்த்தாலே பிரேக் போடுவாள். நம்மைப் பற்றி யாரும் எதற்கும் பேச்செடுக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்குக் கணக்கு. எனக்கோ அடுத்த தடவை காற்று வந்தால் மகளை அணைத்துக்கொண்டு குருடனாக உட்கார முடியாது. வாங்கிவிட்டேன்.

முதலில் வாங்கியது விலை குறைந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற செல்போன் கோபுரத்துக்கும் அதற்கும் என்ன பகையோ, எந்த சேனலை வைத்தாலும் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற சத்தம்தான். திருப்பிக் கொடுத்துவிட்டு, டிஜிட்டல் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்ததை வாங்கினேன். விற்பவரிடம் "இன்டர்ஃபியரன்ஸ் எப்படித் தாங்கும்?" என்று கேட்டேன். "டிஜிட்டலில் இரைச்சலே கிடையாது" என்றார். அவர் சொன்னது உண்மைதான், இரைச்சல் இல்லை. பேச்சும் இல்லை. ஒரு மனிதர் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல இரண்டு எழுத்து, பிறகு அமைதி, பிறகு அரை எழுத்து. ஹனா அதைக் கேட்டுவிட்டு, "வாப்பா, இஸ் தட் எ ரோபாட் ட்ரௌனிங்?" என்றாள்.

ரேடியோ ஆர்வலர்கள் கூடும் இணையத் தளம் ஒன்றில் இரவல் பெயரில் போய்க் கேட்டேன். காரணம் சொன்னார்கள். இந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் சேர்ந்து புதிய ஏற்பாட்டுக்கு மாறியிருந்தன. பல கோபுரங்கள் ஒரே பேச்சை ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் அனுப்பும். ஒரு கோபுரத்தின் அடியில் குடியிருப்பவனுக்குத் தொல்லை இல்லை. இரண்டுக்கும் நடுவில் வீடு வாங்கியவனுக்கு அதே பேச்சு இரண்டு பக்கமிருந்தும் ஒரு நூலிழை முன்பின்னாக வந்து சேரும். ரேடியோ எதைப் பிடிப்பது என்று குழம்பிவிடும். இதைச் சமாளிக்கக்கூடியது என்று அவர்கள் சொன்ன மாடலைத் தேடி, இரண்டாவதையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூன்றாவதை வாங்கினேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே திருப்பிவாங்கும் கவுன்டரைக் கைகாட்டினார். மூன்றாவது கொஞ்சம் தேவலை. பத்தில் நான்கு வார்த்தை புரிந்தது. டொர்னாடோ என்று சொன்னது தெரியும், வருகிறது என்றாரா வராது என்றாரா என்பது தெரியாது.

இந்த இடத்தில்தான் காயல்பட்டினத்துக்காரன் புத்தி வேலை செய்தது. எண்பதுகளில் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு மொட்டைமாடியில் தென்னை உயரத்துக்குக் குழாய் நட்டு, உச்சியில் ஆண்டெனாவும் பூஸ்டரும் வைத்து, கடலுக்கு அப்பால் இருக்கிற இலங்கைத் தொலைக்காட்சியைப் பிடிப்போம். சென்னை எங்களுக்குத் தெரியாது, கொழும்பு தெரியும். என் காக்கா, அதாவது அண்ணன், மேலே நின்று குழாயைத் திருப்புவார். நான் படிக்கட்டின் நடுவில், உம்மா கீழே டிவி முன்னால். "தெரியுதா?" "புள்ளி புள்ளியா தெரியுது." "இப்ப?" இந்தச் சத்தம் தெருவில் பத்து வீட்டிலிருந்தும் கேட்கும். படம் வரவில்லை என்றால் ஒரே வைத்தியம்தான்: குழாயை இன்னும் உயர்த்து, பூஸ்டரை இன்னும் பெரிதாகப் போடு.

அதையே இங்கும் செய்தேன். புகைபோக்கியில் கம்பி கட்டி உயரமான ஆண்டெனா, பூஸ்டர், முப்பது அடி கேபிள். ஒரு சனி, ஞாயிறு முழுக்கப் போனது. போட்டு முடித்ததும் நான்கு வார்த்தையும் போய்விட்டது. உயரத்தில் வைத்ததால் இன்னும் இரண்டு கோபுரங்களையும் சேர்த்துப் பிடித்து, ரேடியோ மொத்தமாக வாயை மூடிக்கொண்டது. இணையத் தளத்தில் ஒரு புண்ணியவான் எழுதினார்: உனக்கு அதிகம் கேட்கிறது, அதுதான் பிரச்சினை, பூஸ்டரைக் கழற்றி எறி, ஒரே ஒரு கோபுரத்தை மட்டும் பார்க்கிற ஆண்டெனா வாங்கு. படத்தைப் பார்த்தால் மீன்முள். எங்கள் மொட்டைமாடியில் இருந்த அதே சாதனம், அளவில்தான் சிறியது.

அடுத்த சனிக்கிழமை காலை, வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருக்க, அதைக் கையில் பிடித்தபடி கூரைமேல் ஏறினேன். சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்து உள்ளே ரேடியோவோடு நஸீமா. வேண்டாவெறுப்பாகத்தான் நின்றாள். பக்கத்துக் கோபுரம் என்பது எங்கள் ஊர்த் தண்ணீர் டாங்கின் தலையில் இருக்கிறது என்று படித்திருந்தேன். மீன்முள்ளைத் தோளுயரத்தில் பிடித்து டாங்கைக் குறிபார்த்தேன்.

"கேக்குதா?"

"இல்ல."

"இப்ப?"

"கொரகொரங்குது."

கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து, ஒரு முழங்காலைக் கூரை ஓட்டில் ஊன்றி மறுபடி குறிபார்த்தேன். எதிர்வீட்டில் புல் வெட்டும் மெஷின் சத்தம் நின்றுவிட்டது. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். எனக்கு டாங்கைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை.

"இப்பவாவது கேக்குதா?" என்று ஊரே கேட்கும்படி கத்தினேன்.

மறுபடி கத்தினேன். அவள் ஜன்னல் பக்கம் வந்து, பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"கேக்குது. கீழ எறங்குங்க."

"கிளியராவா?"

"ரொம்ப கிளியரா. நம்ம தெருப் பேரச் சொல்றாங்க. கூரை மேல ஒரு ஆள், கையில என்னவோ வச்சு வாட்டர் டேங்கைக் குறி பாக்கறான், வேற பாஷையில கத்தறான்னு."

வாரக்கணக்கில் மூன்று ரேடியோ மாற்றிப் பாடுபட்டு, கடைசியில் ஒரு எழுத்து விடாமல் தெளிவாகக் கேட்ட முதல் செய்தி நான்தான். ஏணியில் இறங்கினேன். மீன்முள்ளைப் புல்லில் போட்டுவிட்டு, இரண்டு உள்ளங்கைகளும் தெரியும்படி வாசலில் நின்றேன். அப்படி நிற்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வந்த போலீஸ்காரர் இளைஞர், மரியாதையாகவே பேசினார். மேலே என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். பதற்றத்தில், "உங்கள் பேச்சு எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, அதனால்தான்" என்றேன்.

"எங்கள் பேச்சா? எதற்கு?"

"டொர்னாடோவுக்காக."

அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம்கூட இல்லை. பெயரைக் கேட்டார், எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார், எழுதிக்கொண்டார். அந்தப் பெயர் இன்னும் ஓரிடத்தில் ஏறிவிட்டது என்று எனக்குப் பகீரென்றது. பிறகு தோளில் இருந்த ரேடியோவில், வீட்டுக்காரர்தான், ஆண்டெனா வைக்கிறார், பிரச்சினை இல்லை என்று சொன்னார். அரை நொடி கழித்து அதே குரல் எங்கள் சமையலறைக்குள்ளிருந்தும் அதையே சொன்னது. நஸீமா அணைக்க மறந்திருந்தாள். அவர் என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார். "நல்ல ரிசப்ஷன்" என்றார். கிண்டலா பாராட்டா என்று இன்றுவரை தெரியவில்லை. எதிர்வீட்டில் புல் வெட்டும் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

"ரேடியோல உங்கள மிடில் ஈஸ்டர்ன் ஆளுன்னு சொன்னாங்க," என்றாள் நஸீமா, அவர் போன பிறகு.

"நாம மிடில் ஈஸ்ட் இல்லையே."

"அத அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரர் பார்த்தது பொய்யில்லை, போலீஸ்காரர் செய்தது தப்பில்லை, ரேடியோவோ முதல்முறையாக ஒழுங்காக வேலை செய்தது. கோபத்தை அட்டைப் பெட்டியின்மேல்தான் காட்ட முடிந்தது. ஸ்கேனரை உள்ளே திணித்து, டேப் ஒட்டி, திருப்பிக் கொடுப்பதற்காகக் கார் சாவியை எடுத்தேன். நஸீமா வந்து டேப்பைப் பிரித்தாள்.

"இருக்கட்டும்."

"நீதான வேணாம்னு சொன்ன?"

"அடுத்த தடவ வர்றாங்கன்னா முன்னாடியே தெரியணும்ல," என்றாள்.

மீன்முள்ளைக் கூரைக்குக் கீழே, அட்டிக்கில், வெளியே யாருக்கும் தெரியாதபடி டாங்கைப் பார்த்து வைத்துக் கட்டினேன். கேபிளை மாடிப்படிக்குக் கீழே இறக்கினேன். இரண்டு வாரம் கழித்து, ஒரு பிற்பகல் வானம் பச்சைநிறமாகி, சைரன் ஊதியது. மூவரும் க்ளாசெட்டுக்குள் ஒடுங்கினோம். நடுவில் ரேடியோ, எந்தச் சாலையில் மின்கம்பம் சாய்ந்தது, எந்தப் பக்கம் தீயணைப்பு வண்டி போகிறது என்று ஒவ்வொரு வார்த்தையும் பக்கத்தில் இருந்து பேசுவதுபோலக் கேட்டது. காற்று எங்களை விட்டு விலகிப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "போயிடுச்சு," என்றேன். ஹனா என் மடியிலிருந்து இறங்கினாள். நஸீமா அசையவில்லை, கண்ணை மூடிக் காதை ரேடியோவோடு ஒட்டிவைத்திருந்தாள்; அவர்கள் ஒவ்வொரு தெருப் பெயராகச் சொல்லி முடித்து, எங்கள் தெருப் பெயர் வரவில்லை என்று நிச்சயமான பிறகுதான் எழுந்து கதவைத் திறந்தாள்.