என் கணவரின் பங்கர் பக்தி

குண்டுவீச்சுக்குப் பயந்து, உயிலங்குளத்தில் எங்கள் வளவுக்குள் என் கணவர் பதுங்குகுழியாக ஒரு பங்கர் வெட்டினார். வானத்தில் கொக்குப் பறந்தாலும், "பிளேன் வருது!" என்று முதல் ஆளாக இறங்கிவிடுவார். பயந்த மனுசன் என்று பரிதாபப்பட்டேன்.

ஒருநாள் உண்மையாகவே குண்டு விழுந்தது. பக்கத்து வீட்டு நேர்ஸ் அக்காவும் எங்களோடு பங்கருக்குள் இருந்தார். அதிர்ச்சியில் மண்சுவர் சரிய, உள்ளிருந்து கசிப்புச் சாராயப் போத்தல்கள் உருண்டன. என் கணவர் என்னை விட்டுவிட்டுப் போத்தல்களைக் கட்டிப்பிடித்தார்.

"எல்லாத்தையும் இப்பவே உடைக்கிறன்!" என்றேன்.

"பொறுங்கோ தங்கச்சி. குடியைத் திடீரெண்டு நிப்பாட்டினால் வலிப்பும் வரலாம். இதுவும் ஒரு நோய் வருத்தம்தான். டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றார் அக்கா.

மருந்தோடு, இடையில் ஒருமுறை சறுக்கி, என் கணவர் மெல்லக் குடியை விட்டார். இப்போது பிளேன் சத்தம் கேட்டால் முதலில் இறங்குவது நான். வாயை மோந்து பார்த்த பிறகே அவருக்கு உள்ளே இடம்.