காயாத சுவர்

நார்வேயின் பெர்கன் நகரில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த தூர்கெயருக்கு மகள் ரன்வெய்க் ஒருத்திதான். கணவனைப் பிரிந்து அவள் பெட்டியோடு வந்து நின்றபோது மேலே இருந்த சின்ன வீடு இருவருக்குப் போதவில்லை. நிலவறையை உனக்கு அறையாக்கித் தருகிறேன் என்றார்.

அந்தக் கோடை முழுக்க அதே வேலை. மலைச்சரிவில் பாதி புதைந்த பழைய கருங்கல் சுவர், தொட்டால் கை விறைக்கும். அதன்மேல் குளிர்காப்புக்குக் கண்ணாடிக் கம்பளியை அடைத்து, பிளாஸ்டிக் தாளை இழுத்து ஆணியடித்து, வெள்ளைப் பலகை பதித்தார். முதல் நாள் மகள் அங்கே காபியோடு உட்கார்ந்ததைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறு வருஷம் மழை விட்டபாடில்லை. ரன்வெய்க்கின் இருமலும் விடவில்லை. அவர் ஹீட்டரைக் கூட்டினார், மறுபடி வண்ணம் அடித்தார். வீட்டில் ஈரம் உண்டா என்று மருத்துவர் கேட்ட பிறகுதான் ஒரு பலகையைப் பெயர்த்தார். கம்பளி சொதசொதவென்று கையோடு வந்தது. பின்னால் சுவர் முழுக்கக் கரும்பூஞ்சை.

பார்க்க வந்த கட்டுமானக்காரர் எஸ்பென் சுற்றி வளைக்கவில்லை. மண்ணிலிருந்து ஊறும் ஈரம் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் சிறைப்பட்டுவிட்டது. வெளியே தோண்டி, வடிகால் குழாய் பதித்து, சுவரின் வெளிப்பக்கம்தான் குளிர்காப்பு போட்டிருக்க வேண்டும். இப்போது தோண்டலாமே என்றார் தூர்கெயர்.

சரிவின் மேலே, சுவரை ஒட்டி நின்ற பக்கத்து வீட்டை எஸ்பென் கைகாட்டினார். "சுவருக்கு வெளிய கடப்பாரை வச்சா, அந்த வீடு சரிஞ்சு உங்க அடுப்படிக்கு வந்துடும்."

ரன்வெய்க் துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குப் போன வருஷமே பூஞ்ச வாடை தெரிஞ்சுதுப்பா. நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. எப்படிச் சொல்றது?"

"சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

மழை குறைந்த உள்நாட்டு ஊருக்கு அவள் போய்விட்டாள். இருமல் ஆஸ்துமாவாகிக் கூடவே போயிற்று. அவர் எல்லாவற்றையும் பிய்த்தெறிந்து கல்லை வெறுமையாக்கி, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிட்டார். தினமும் வாளி நிறைந்தது.

ஒரு ஞாயிறு தொலைபேசியில், "இப்ப நல்லா காஞ்சிருச்சும்மா, வந்து ஒரு வாரம் இருந்துட்டுப் போ" என்றார்.

"பாக்கலாம்ப்பா" என்றாள். பேச்சுக்கு நடுவே அவள் இன்ஹேலரை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

தூர்கெயர் கீழே இறங்கி, உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாளியைத் தூக்கினார்.