மூட்டைக்குள் மாமாவின் போன் நம்பர்

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எலும்பு டாக்டர். எங்கள் வீட்டு மாடியறையில் இருக்கிறார். யாருக்கு மாவுக்கட்டு போட்டாலும், கட்டு காய்ந்ததும் அதன்மேல் தேதியையும் தன் போன் நம்பரையும் எழுதிவிடுவார். விரல் நீலமானால் உடனே கூப்பிட வேண்டும், தாமதித்தால் கையே போய்விடும் என்பார். சீட்டு தொலையும், கட்டு தொலையாது என்பது அவர் கட்சி.

அவர் ஆஸ்பத்திரியின் மேனேஜருக்கு நான் வைத்த பெயர் வெண்ணெய். அப்படி வழுக்குவார். கட்டு போட்டாலே கூடிவிடும் கால்களையும் கீறச் சொன்னார். மாமா ராஜினாமாவை நீட்டினார். மூன்று மாத நோட்டீஸையும் ஒழுங்காக முடித்தார். மறுவாரமே ஆஸ்பத்திரி போட்ட கேஸில் கோர்ட்டிலிருந்து இடைக்காலத் தடை வந்தது. நோயாளிகளை வளைத்துப் போட்டுக்கொண்டு போகிறாராம். அதனால் இந்த ஊரில் எங்கும் ஆபரேஷன் செய்யக் கூடாது, பழைய நோயாளிகளிடம் பேசவும் கூடாது.

நான்கு மாதம் மாமா அலமாரிக் கைப்பிடியில் நூலைச் சுற்றி ஒற்றைக் கையால் ஆபரேஷன் தையல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். விட்டால் விரல் மறந்துவிடுமாம். ஒரு சட்டை எடுக்க வேண்டும் என்றால் நாங்கள் கத்தரிக்கோலோடு போக வேண்டும்.

தினமும் ஒரு தையல்கார அம்மா போன் செய்வார். அவர் காலுக்குள் மாமா வைத்த கம்பியில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தது. ஆறு வாரத்துக்குள் மாற்ற வேண்டும். ஆஸ்பத்திரியில் கேட்டால், "உங்க டாக்டர் ஓடிட்டார்" என்றார்களாம். பழைய எக்ஸ்ரேயையும் கொடுக்கவில்லை. அது இல்லாமல் கை வைக்க மாட்டேன் என்று வேறு டாக்டர்கள் திருப்பி அனுப்பினார்கள். எல்லாம் அம்மா கடைத்தெருவில் கேட்டு வந்த சேதி.

"எடுங்க மாமா. இல்லேன்னா நான் பேசறேன், என் வாய்க்குத் தடை இல்லையே."

"உன் வாய்க்குத்தான் முதல்ல வாங்கியிருக்கணும். எடுத்தா அதையும் கோர்ட்டுல காட்டுவாங்க. லைசென்ஸே போயிடும்."

"அவங்க கால்?"

மாமா போனைக் கவிழ்த்து வைத்தார். இன்னொரு முடிச்சு விழுந்தது.

விசாரணை நாளில் வெண்ணெய் ஒரு மூட்டையோடு வந்தார். உள்ளே அறுத்தெடுத்த மாவுக்கட்டுகள். நோட்டீஸ் மாதங்களில் குப்பைக்குப் போக வேண்டியதைச் சேர்த்து வைத்திருக்கிறார், மகராசன். அவிழ்த்ததும் பழைய வியர்வையும் செத்த தோலும் சேர்ந்த நாற்றம் கோர்ட் முழுக்கப் பரவியது. நீதிபதி அம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இதிலயும் டாக்டர் நம்பர். இதிலயும்" என்று அவர்கள் வக்கீல் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். ஒன்பதாவதில் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு கழுதை, கழுத்தில் டையோடு. அது என் கட்டு. அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

எங்கள் வக்கீல் எழுந்தார். "இந்தக் கைக்குச் சொந்தக்காரி அதோ, நாற்காலிக்கு அடியில ஒளியப் பாக்கறா. டாக்டரோட அக்கா பொண்ணு. மதில்லேர்ந்து குதிச்சு உடைச்சுக்கிட்டா. ஒரே வீடு. டாக்டர் மாடியில, இவ கீழ."

நீதிபதி கைக்குட்டையை விலக்காமலே கேட்டார்: "சொந்த அக்கா பொண்ணையும் வளைச்சுப் போடத்தான் நம்பர் எழுதினாரா?"

அவர்கள் வக்கீல் அந்தக் கட்டை மூட்டைக்குள் திணிக்கப் பார்த்தார்.

"சரி, அந்தக் கழுதை யாரு?"

நான் தரையைப் பார்த்தேன். வெண்ணெய் தன் டையைச் சரிசெய்துகொண்டார்.

தடை அன்றே நீங்கியது. வெளியே வெண்ணெய் சிரித்துக்கொண்டே மாமாவின் தோளைத் தட்டினார். "மனசுல வச்சுக்காதீங்க டாக்டர். தொழில்னா இதெல்லாம் சகஜம்." அந்தச் சிரிப்புக்கு மூட்டை நாற்றமே தேவலை.

மாமா தாழ்வாரத்திலேயே தையல்கார அம்மாவைக் கூப்பிட்டார். திட்டு எனக்கே கேட்டது.

"நாலு மாசம், டாக்டர்! செத்துட்டீங்கன்னே நெனச்சேன்."

"நடக்கறீங்களாம்மா?"

"நடக்கறேன். நான் ஒரு பக்கம் போறேன், கால் ஒரு பக்கம் போகுது."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. இனி உடைத்துத்தான் நேராக்க வேண்டும்.

ஜெயித்துவிட்டோம் என்று அம்மா ஊரெல்லாம் சொல்கிறாள். நாளைக் காலை மாமா அந்தக் காலை உடைக்கப் போகிறார். நான் செய்த தப்பு ஒன்றுதான், கழுதைக்கு அந்த டையை மாட்டியது. கழுதை என்ன பாவம் செய்தது?