சவாரி இல்லாத குதிரைக்குக் கொள்ளு

ஊரடங்கு அறிவித்தபோது என் அக்காவும் அவள் கணவர் பாவாவும் நகரியில் உறவினர் வீட்டில் இருந்தார்கள். ஆந்திர எல்லையை மூடிவிட்டதால் திரும்ப முடியவில்லை. திருத்தணி மலையடிவாரத்தில் குழந்தைகளைச் சவாரி ஏற்றும் பாவாவின் இரண்டு மட்டக்குதிரைகளும் அம்மையார்குப்பத்தில் எங்கள் வீட்டில் இருந்தன. இரண்டு நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போனவை.

எங்கள் விசைத்தறியும் நின்றுபோனதால் நாள் முழுக்க அவற்றோடுதான் இருந்தேன். இளைத்துவிடுமோ என்ற கவலையில், பாவா சொன்ன அளவுக்கு மேலேயே கொள்ளு வைத்தேன்.

ஒருநாள் காலையில் சின்னக் குதிரை முன்னங்காலை ஊன்றவே இல்லை. குளம்பைத் தொட்டால் சுட்டது. பயந்துபோய் பாவாவுக்குப் போன் செய்தேன்.

"எங்கனா நடக்க உட்டியா?"

"இல்ல பாவா. நிழல்லதான் கட்டி வச்சிகினு இருக்கேன். கொள்ளு கூட அளவுக்கு மேலயே வைக்கறேன்."

"தறி ஓடாதப்ப நூல் ஏத்திகினே இருப்பியாம்மா? கொள்ள நிறுத்து. கால தண்ணியில நிக்க வை. டாக்டர கூப்புடு."

கால்நடை மருத்துவரும் தீனி மிஞ்சியதால் வந்த வினைதான் என்றார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கால் நிரந்தரமாகப் போயிருக்குமாம். அது சரியாக நடக்க மூன்று வாரம் ஆனது.

இப்போதும் பாவா வெளியூர் போனால் குதிரைகளை என்னிடம்தான் விடுகிறார். சவாரி இல்லாத நாளில் புல் மட்டும் போட்டு, ஏரிக்கரை வரை நடத்திக்கொண்டு போகிறேன். சின்னது கொள்ளு வாளியைப் பார்த்துக் கனைக்கும். பாவமாகத்தான் இருக்கும். பாவம் பார்த்துத்தானே அதன் காலை முடக்கினேன் என்று வாளியை மூடிவிடுவேன்.