அரிசிப் பெட்டிக்குள் ரேடியம்

பேத்தி ஐசோடோப் பாடத்தை உரக்கப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் மாமியாரின் முகம்தான் முன்னால் வருகிறது. ஒரே தனிமம், எடை மட்டும் வேறு. அதில் சில அணுக்கள் நிலைகொள்ளாமல் தானாகவே உடையும் என்று அவள் படிக்கிறாள். இதைச் சொல்லப்போய்த்தான் நான் கெட்ட பெயர் வாங்கினேன்.

ஐம்பதுகளில், கல்யாணமாகிப் பாம்பனுக்கு நான் வந்த புதிது. கடற்கரை மணலில் தோரியம் இருக்கிறதா என்று பார்க்க அரசாங்கத்து ஆள் ஒருவர் தோளில் ஒரு பெட்டியோடு அலைந்தார். தோரியம் பக்கத்தில் இருந்தால் பெட்டி 'டிக் டிக்' என்று இரையுமாம். மாமி நம்பவில்லை. மண் அள்ளுகிறவனுக்கு எதற்குக் கஞ்சி போட்ட சட்டை, சுங்கத்து ஆள்தான் வேஷம் கட்டி வந்திருக்கிறான் என்றார். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. என் வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து தோணியில் ஒளித்துக் கொண்டுவந்த, இருட்டிலும் மணி தெரிகிற கைக்கடிகாரங்கள் முன்னறை அரிசிப் பெட்டிக்குள் புதைந்து கிடந்தன. பிடிபட்டால் ஜெயில்தான்.

ஒருநாள் அந்த மனிதர் வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் செம்பில் கொடுத்தேன். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே பெட்டி இரையத் தொடங்கியது. எங்கள் வீடுகளில் தரைக்குக் கடல்மணல்தான் பரப்புவோம். அதில் ஒரு பிடி அள்ளித் தெருவுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார், சத்தமில்லை. திரும்பி வந்து, நிலைப்படியில் நின்றபடியே கருவியின் குழாயை அரிசிப் பெட்டிப் பக்கம் நீட்டினார். சோளம் பொரிகிற மாதிரி வெடித்தது.

"ரேடியம் வாட்ச் ஏதும் இருக்காம்மா?" என்று சிரித்தார். மாமி செம்பைக்கூடத் திருப்பி வாங்காமல் கதவைச் சாத்தினார்.

கடிகாரம் அத்தனையையும் மாமி அன்றைக்கே கடலில் போட்டுவிட்டார். சுங்கத்திலிருந்து யாரும் வரவில்லை. அதிலும் மாமிக்குச் சந்தேகம். மூடிய பெட்டி, மேலே அரிசி, அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று அரித்துக்கொண்டே இருந்தார். முள்ளில் பூசிய ரேடியத்தின் அணுக்கள் உடைவதைத்தான் கருவி கேட்கிறது என்று, ராமநாதபுரத்தில் பத்தாவது வரை படித்த திமிரில் நான் விளக்கினேன்.

"அணு சொல்லுச்சாக்கும்," என்றார் மாமி. "தண்ணி குடுக்கையில நீ அவன்ட்ட என்ன சொன்ன?"

வீட்டுக்காரர் வந்ததும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "உம்மா அப்புடித்தான். நா ஒன்னய நம்புறேன்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த நடை கொழும்பு போய்வந்தவர், கொண்டுவந்த மூட்டையை வீட்டில் எங்கே வைத்தார் என்று என்னிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எப்போதுமே சொல்லவில்லை.