மேல ஜனம் போவுது

முதல் தூணருகே நின்று அம்சம் மூக்கை இருமுறை உறிஞ்சுவார். பத்தடி நடந்து அடுத்த தூணருகே நின்று மறுபடி உறிஞ்சுவார். ரயில்வே மேம்பாலத்துக்கு ஏழு கண்கள். ஏழையும் இப்படி மோந்து முடித்த பிறகுதான் கடைசிக் கண்ணில் இருக்கும் தன் சாக்குக் கட்டை அவிழ்ப்பார். டீக்கடையில் ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் டின் இருந்தால் யாரையும் கேட்காமல் எடுத்துத் தூரத்தில் வைப்பார். கடைக்காரர் முறைத்தால் ஒரே பதில்தான். "மேல ஜனம் போவுதுங்க."

நான் சொல்வது பாலத்துக்கு அடியில் கடைகள் இருந்த காலம். மன்னார்குடிப் பக்கத்துச் சந்தை ஊர் எங்களுடையது. பாலத்துக்கு ஓர் ஆட்சியில் அடிக்கல் நாட்டினார்கள். அடுத்த ஆட்சியில் திறந்தார்கள். யார் கட்டியது என்ற சண்டை ஓய்வதற்குள் அடியில் கடைகள் வந்துவிட்டன. சைக்கிள் கடை, பழைய பேப்பர் கடை, டயர் கடை, வெல்டிங் பட்டறை, ஹாஜா மைதீனின் மெத்தைக் கடை. வெயிலுக்கும் மழைக்கும் அதைவிட நல்ல கூரை ஊரில் இல்லை. தலைக்கு மேலே தஞ்சாவூர் பஸ்ஸும் நெல் லாரியும் போகும்போது தகரங்கள் எல்லாம் ஒருதரம் அதிரும்.

அம்சத்தின் தொழில் கிழிந்த சாக்கு தைப்பது. ரைஸ் மில்லிலிருந்தும் கொள்முதல் நிலையத்திலிருந்தும் கட்டுக் கட்டாக வரும். கோணி ஊசியைக் காதோரம் கொண்டையில் செருகியிருப்பார். எலி கடித்த ஓட்டைக்கு ஒரு தையல், கொக்கி இழுத்த கிழிசலுக்கு வேறு தையல். ஒல்லியான உடம்பு, அறுபது சாக்குக் கட்டைத் தனியாகப் புரட்டுவார். பாலத்தடியில் அடுப்பு மூட்டியதே இல்லை. காலையில் கொண்டுவந்த பழைய சோற்றைத்தான் மதியம் தின்பார். மெத்தைக் கடை ஹாஜா மைதீனின் மனைவி கமருன்னிஸா கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து, "ஆறிப்போனத எப்படித்தான் திங்கிறியோ அக்கா" என்று பக்கத்தில் உட்காருவார். மூட்டை தூக்குகிறவர்கள் பீடியோடு வந்தால் அம்சம் பேச்சை நிறுத்தாமலே அவர்கள் வாயிலிருந்து அதை எடுத்து மண்ணில் தேய்ப்பார். யாரும் கோபித்ததில்லை.

ஒரு மழைநாளில் நானும் அங்கே ஒதுங்கியிருந்தபோதுதான் காரணம் தெரிந்தது. அவர் பிறந்தது கீழ்வேளூருக்கு அப்பால் ஒரு சேரி. அவருக்கு ஏழு வயதிருக்கும்போது சேரி ஜனங்கள் அறுவடைக் கூலி அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். பண்ணை மறுத்தது. ஆட்கள் வயலில் இறங்கவில்லை. ஒருநாள் உச்சி வெயிலில் வரிசையாகப் பதினோரு கூரை எரிந்தது. தூளியில் கிடந்த தம்பியைத் தூக்க முடியவில்லை.

"அதவிட ஒண்ணு இருக்குங்க" என்றார் அம்சம். "மூணாம் நாள் பண்ணைக் காரியக்காரரு ஒரு காயிதம் கொண்டாந்தாரு. எங்க வீட்டு அடுப்புலேருந்துதான் தீ கெளம்புச்சுன்னு எழுதியிருந்துச்சாம். கைநாட்டு வச்சாத்தான் எல்லாருக்கும் வேலைன்னாரு. எங்கம்மா வச்சிச்சு. சாவுற வரைக்கும் அடுப்பு மூட்டுறப்பல்லாம் அழுவும்."

சொல்லிவிட்டு அடுத்த சாக்கை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

மெத்தைக் கடைக்கும் வெல்டிங் பட்டறைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு இருந்தது. அந்தப் பங்குனியில் ஹாஜா மைதீன் அதில் பாதியைக் கழற்றிவிட்டார். இந்தப் பக்கம் இலவம்பஞ்சு மூட்டைகள் பாலத்தின் அடிவயிற்றைத் தொடும் உயரத்துக்கு. அந்தப் பக்கம் பட்டறைக்காரர் அடைக்கலராஜ் இரும்பு அறுக்கும் நெருப்பு.

"பாய், தகரத்த மறுபடி அடிச்சிருங்க."

"காத்தே வரல அம்சம்மா. வேக்காடு தாங்கல. ரெண்டு மாசம் போவட்டும்."

"மேல ஜனம் போவுது பாய்."

"அது அதுபாட்டுக்குப் போவுது" என்று சிரித்தார் அவர். கெட்ட மனிதர் இல்லை. அந்த வெக்கையில் பஞ்சுத் தூசிக்குள் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

பத்து நாள் கழித்து, பிற்பகல் நாலு மணி சுமாருக்கு அடைக்கலராஜ் ஒரு கேட்டை அறுத்துக்கொண்டிருந்தார். பொறி தெறித்தது. பஞ்சு முதலில் புகையக்கூட இல்லை. மஞ்சளாக ஒரு நாக்கு மூட்டைகளின் மேல் ஓடியது, அவ்வளவுதான். ஹாஜா மைதீன் தையல் மெஷினை இழுக்கப் போய் இரண்டு கைகளையும் சுட்டுக்கொண்டார். எல்லோரும் தங்கள் தங்கள் சாமான்களை வெளியே வீசினார்கள். அம்சம் தன் சாக்குகளைத் தொடவில்லை. பட்டறையில் இருந்த கேஸ் சிலிண்டரைப் பார்த்தார். பிறகு பாலத்தின் பக்கவாட்டுப் படிகளில் ஓடினார்.

பள்ளிக்கூடம் விட்ட நேரம். டவுன் பஸ் ஒன்று படியில் பிள்ளைகள் தொங்க, பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அம்சம் நடுரோட்டில் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். டிரைவர் ஹாரன் அடித்தார், கெட்ட வார்த்தையால் திட்டினார், கடைசியில் பிரேக்கை மிதித்தார். பம்பருக்கும் அம்சத்துக்கும் ஒரு முழ இடைவெளி. டிரைவர் கதவைத் திறந்து இறங்கும்போது கீழே சிலிண்டர் வெடித்தது. முப்பதடி தூரத்தில் தார்ச்சாலை ஒருமுறை எழும்பி, விரிந்து, ஒரு மாட்டுவண்டி அகலத்துக்கு உள்ளே விழுந்தது. டிரைவர் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கீழே அம்சத்தின் சாக்குகள் முழுக்கச் சாம்பலாகியிருந்தன.

நாலாம் நாள் விசாரணைக்கு அதிகாரி வருவதாகத் தகவல். வியாபாரிகளின் தலைவர், சைக்கிள் கடை நடராசன், ஒரு மனு தயாரித்தார். பஸ்ஸிலிருந்து யாரோ எறிந்த பீடித்துண்டு விழுந்து தீப்பிடித்தது என்று அதில் இருந்தது. அப்படியென்றால் பழி யார் மேலும் இல்லை. பாலத்தைச் சரிசெய்ததும் கடைகளைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பதின்மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். கைக்கட்டோடு இருந்த ஹாஜா மைதீனுக்குப் பதில் கமருன்னிஸா போட்டார். மை டப்பா அம்சத்திடம் வந்தது.

"என்னன்னு எழுதியிருக்கு? படிங்க."

நடராசன் படித்தார்.

"மேலேருந்து ஒண்ணும் விழல. கீழேருந்துதான் ஏறுச்சு."

"அது எங்களுக்குத் தெரியாதா? உண்மையச் சொன்னா ஒன் கடையும்தான் போவும், அம்சம்."

"போவட்டும்."

"அக்கா, அவரப் பாரு. இந்தக் கைய வச்சிக்கிட்டு எங்க போவாரு?" என்றார் கமருன்னிஸா.

அம்சம் ஹாஜா மைதீனைப் பார்த்தார். பார்க்காமல் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்று பின்னால் என்னிடம் சொன்னார். மை டப்பாவை மூடி நடராசனின் மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார். மறுநாள் பஞ்சாயத்து ஆபீஸில் அதிகாரி கேட்டபோது தகரத்தையும் பஞ்சையும் பொறியையும் பற்றித் தான் கண்டது கண்டபடி சொன்னார். நான் அங்கே இருந்தேன். வார்த்தை மாறவில்லை. "நானும் தீப்பிடிக்கிற சாக்கத்தான் அங்க அடுக்கியிருந்தேன். அதையும் எழுதிக்கிங்க" என்றார். கமருன்னிஸா வாசலில் நின்று, "நீ நல்லாருப்பியா?" என்று கத்தினார்.

பாலத்தைச் சரிசெய்ய எட்டு மாதம் ஆயிற்று. ஏழு கண்களுக்கும் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். நடராசன் கடைத்தெருவில் இடம் பிடித்தார். அடைக்கலராஜ் திருப்பூருக்குப் போய்விட்டார். ஹாஜா மைதீனின் விரல்கள் மடங்குவதில்லை. மெத்தைத் தொழில் அத்தோடு நின்றது. கமருன்னிஸா வீடு வீடாகப் போய்ப் பழைய சாக்கு, பிளாஸ்டிக் வாங்கி விற்கிறார். அம்சத்தை எதிரே கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார். ஒன்றரை வருஷம் அப்படியே போனது.

அம்சம் இப்போது கொள்முதல் நிலையத்து வெட்டவெளியில், ஒரு பெரிய கறுப்புக் குடையை மண்ணில் நட்டுவைத்து அதன் கீழ் தைக்கிறார். போன மாதம் ஒரு மத்தியானம் நான் அங்கே இருந்தபோது, கமருன்னிஸா தலைச்சுமையோடு வந்து நின்றார். கிழிந்த சாக்குகள். தைத்தால்தான் விலைபோகும்; ஊரில் தைப்பவர் வேறு யாரும் இல்லை. சுமையை இறக்கிப் போட்டுவிட்டு, எங்கோ பார்த்தபடி வெயிலில் நின்றார். முகமெல்லாம் வேர்வை.

அம்சம் பக்கத்தில் ஒரு சாக்கை உதறி விரித்தார். பிறகு குடைக்காம்பை மண்ணிலிருந்து பிடுங்கி, அந்தச் சாக்கின் ஓரத்தில் ஊன்றிவிட்டு, தன் மேல் விழுந்த வெயிலில் ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினார்.