தெரியலையே டீச்சர்

மும்பை தாராவிப் பள்ளியில் நான் பாடம் நடத்தும் வகுப்புக்குப் பக்கத்து வகுப்பு அந்த டீச்சருடையது. ஒல்லியான உடம்பு. எவ்வளவு நல்ல சேலையானாலும் பின்பக்கம் தரைத் தூசி ஒட்டியிருக்கும். பிள்ளைகள் எதைக் கேட்டாலும் அவர்களோடு தரையில் உட்கார்ந்து, "எனக்குத் தெரியலையே, நாலு பேரும் பேசிச் சொல்லுங்க" என்பார். உடனே அங்கே சந்தை இரைச்சல். என் வகுப்பு அமைதியாக இருக்கும். ஆனால் காதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம். எனக்கு வயிறு எரியும்.

"நிஜமாவே தெரியாதா டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியும். சொல்லிட்டா பேச்சு நின்னுருமே."

மறுநாள், மழை பெய்தால் லோக்கல் ரயில் ஏன் நிற்கிறது என்று என் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். நானும் தரையில் உட்கார்ந்து, "எனக்குத் தெரியலையே" என்றேன்.

அவள் இரக்கத்தோடு பார்த்தாள். "பரவால்ல டீச்சர். பக்கத்து டீச்சர்ட்ட கேட்டுட்டு வாறேன்."